மூன்றாம் நாள் காலைக்காக ஆடுவது: சீனியர் டென்னிஸ் சீசனில் கற்றவை

சீனியர் டென்னிஸ் போட்டிகளுக்கு முதல் தடவையாகப் பெயர் கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஷாட்டுகளைப் பற்றித்தான். செகண்ட் சர்வில் ஸ்பின் எப்படிக் கூட்டுவது, பேக்ஹேண்டை இந்த வயதில் மாற்றலாமா, வாலிக்கு எப்போது முன்னால் போவது, இப்படி. நல்ல கேள்விகள்தான். ஆனால் ஐம்பதைத் தாண்டியும் வருடா வருடம் போட்டி ஆடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் முதலில் பேசுவது மூன்றாம் நாள் காலையைப் பற்றி. முதல் சுற்றில் எல்லாருமே நன்றாக ஆடுவார்கள். இரண்டாம் சுற்றில் இரண்டரை மணி நேரம் போராடி ஜெயிப்பவர்களும் உண்டு. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி நாலு எட்டு வைக்கும்போது கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்பதில்தான் மிச்சப் போட்டி இருக்கிறது.

கணக்கு எளிதானது. 32 பேர் கொண்ட டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற ஆட்டப் பட்டியலில், கோப்பையைத் தொட ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரே வாரத்துக்குள். இரட்டையரும் ஆடினால் சில நாட்களில் இரண்டு ஆட்டம் வரும். கிளப்பில் வாரம் மூன்று நாள் ஆடுபவருக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு ஒரு நாளாவது ஓய்வு கிடைத்துவிடுகிறது, அதனால் தன் உடம்பு அடுத்தடுத்த நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. வயது கூடக்கூட தசையின் பலம் குறைகிறது, அதிலும் வேகமாகச் சுருங்கி விரியும் தசையிழைகள்தான் முதலில் அடிவாங்குகின்றன, அடிபட்ட திசு தேறவும் கூடுதல் நேரம் எடுக்கிறது. இருபது வயதில் ஒரு இரவுத் தூக்கத்தில் சரியானது இப்போது இரண்டு இரவு கேட்கும். அந்த இரண்டாவது இரவை டிரா கொடுக்காது.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் பயிற்சி இது: போட்டிக்கு ஐந்தாறு வாரம் முன்னதாக, தொடர்ந்து மூன்று நாள் முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள். பந்து தட்டுவது இல்லை, ஸ்கோர் வைத்து, ஜெயிக்க நினைக்கும் ஆளோடு. மூன்றாம் நாள் எது முதலில் வலிக்கிறது, எந்த ஷாட் முதலில் கெடுகிறது என்று எழுதி வையுங்கள். எனக்குக் கெடுவது சர்வ். கால் சோர்ந்தால் முழங்கால் மடங்காது, முழங்கால் மடங்காவிட்டால் தோள் தனியாக வேலை செய்யும், பந்து வலையில் போய் விழும். இது தெரிந்த பிறகு பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இந்த உலகம் எப்படி அமைந்திருக்கிறது என்று புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் கீழ் நடக்கும் மூத்தோர் போட்டிகள் 2021 முதல் மாஸ்டர்ஸ் டூர் என்ற பெயரில் நடக்கின்றன. 30 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருட இடைவெளியில் 90 வரை பிரிவுகள் உண்டு. போட்டிகளுக்கும் எம்டி (மாஸ்டர்ஸ் டூர்) 100, 200, 400, 700, 1000 என்று தரம் இருக்கிறது, எண் கூடினால் புள்ளியும் கூடும், எதிராளியின் தரமும் கூடும். ரேங்கிங் 52 வாரக் கணக்கு, பழைய புள்ளி வாரா வாரம் உதிர்ந்துகொண்டே இருக்கும். பெயர் கொடுக்க ஐபின் என்கிற ஆட்டக்காரர் அடையாள எண் எடுக்க வேண்டும். இந்த விளையாட்டில் மூத்தோர் போட்டிகள் புதிதாக வந்ததும் இல்லை, 45 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் அணிப் போட்டியான டூப்ளர் கோப்பை 1958லேயே ஆரம்பித்துவிட்டது. 80 வயதுக்கு மேற்பட்டவர்களின் கோப்பைக்குப் பெயர் கார்ட்னர் முல்லாய். 1957இல், 43 வயதில், விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர் அவர், 102 வயது வரை வாழ்ந்தார். உக்ரைனின் லியோனிட் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 2021இல் தன் 97ஆவது வயதில் ஸ்பெயினின் மயோர்க்காவில் நடந்த உலகப் போட்டியில் 90 வயதுப் பிரிவில் இறங்கினார். அறுபதில் ராக்கெட்டை மூலையில் வைக்க நினைப்பவர்களிடம் நான் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லாமல் விட்டதில்லை.

வயதுப் பிரிவில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விதி இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 31க்குள் உங்களுக்கு எத்தனை வயது ஆகிறது என்பதுதான் கணக்கு. நவம்பரில் 55 முடிகிறவர் அந்த ஜனவரியிலிருந்தே 55 பிரிவில் ஆடலாம். புதுப் பிரிவுக்குள் நுழையும் வருடத்தில் அந்த டிராவிலேயே இளையவர் நீங்கள்தான், பிரிவின் கடைசி வருடத்தில் மூத்தவர். நாலு வயது வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் மூன்றாவது செட்டில் நன்றாகவே தெரியும். ஆகவே பெரிய தரப் போட்டிகள், தூரப் பயணங்கள், நீண்ட நாள் ஆசைகள் எல்லாவற்றையும் பிரிவு மாறும் வருடத்தில் வையுங்கள். பிரிவின் கடைசி வருடத்தில் சின்னப் போட்டிகள் ஆடலாம், நாள்பட்ட காயத்துக்கு வைத்தியம் பார்க்கலாம், புது சர்வ் பழகலாம். நான் ஐந்து வருடத்தை ஒரே சீசனாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன், அதன் பிறகு அவசரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு வருட நாட்காட்டி போடும்போது முதலில் இரண்டே இரண்டு போட்டியைத்தான் குறிக்கிறேன், எனக்கு முக்கியமானவை. மற்றவை எல்லாம் அந்த இரண்டுக்குத் தயாராக உதவுமா என்று பார்த்துத்தான் உள்ளே வரும். தொடர்ந்து இரண்டு வாரம் போட்டி, அதற்கு மேல் கூடாது, பிறகு இரண்டு வாரமாவது எதிலும் பெயர் கொடுக்கக் கூடாது, இது என் கட்டுப்பாடு. அப்புறம் தரை. மண் கோர்ட்டுக்குப் போன முதல் வாரம் சறுக்கிச் சறுக்கி இடுப்பும் தொடை இடுக்கும் வலிக்கும். மண்ணிலிருந்து ஹார்டு கோர்ட்டுக்கு வந்த முதல் வாரம், சறுக்க நினைத்த கால் சட்டென்று நின்றுவிடும், முழங்காலும் கணுக்காலும் அந்த அதிர்ச்சியை வாங்கும். தரை மாறும் வாரத்திலேயே முக்கியமான போட்டியை வைப்பது உடம்புக்குச் செய்யும் அநியாயம். குறைந்தது பத்து நாளாவது புதுத் தரையில் ஆடிவிட்டு இறங்குங்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு விவரத் தாள் வெளியிடுவார்கள். எந்தத் தரை, எந்தப் பந்து, மூன்றாவது செட் முழுதாக ஆட வேண்டுமா அல்லது பத்துப் புள்ளி வரை ஆடும் குறுகிய டை-பிரேக்கா, விலகிக்கொள்ளக் கடைசித் தேதி எது, எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு வரி விடாமல் படிப்பவர்கள் குறைவு. பந்தின் பெயர் தெரிந்தால் அதே பந்தை வாங்கி இரண்டு வாரம் ஆடலாம், கனமான பந்துக்கும் சீறிப் பாயும் பந்துக்கும் தோள் பழக நாளாகும். மூன்றாவது செட்டுக்குப் பதில் டை-பிரேக் என்றால் பயிற்சியும் மாற வேண்டும். நாங்கள் பயிற்சி நாட்களின் கடைசி அரை மணி நேரத்தில் வேறெதுவும் செய்யாமல் பத்துப் புள்ளி டை-பிரேக்குகளாக ஆடுவோம், களைத்த காலோடு. முதல் சர்வ் ஒருவருக்கு ஒன்று, பிறகு இரண்டிரண்டு, ஆறு புள்ளிக்கு ஒரு தரம் பக்கம் மாறுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டால் நிஜ ஆட்டத்தில் மனசு பந்தின் மேல் மட்டும் இருக்கும்.

இனி கெண்டைக்கால். இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், ஏனென்றால் என்னோடு ஆடியவர்களை ஆட்டத்தின் நடுவில் வீட்டுக்கு அனுப்பியதில் முதலிடம் இதற்குத்தான். டென்னிஸ் லெக் என்றே இதற்குப் பெயர், கெண்டைக்காலின் உள்பக்கத் தசை கிழிவது. நடு வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். வலையை ஒட்டி மெல்ல விழும் டிராப் ஷாட்டை எடுக்க முன்னால் பாயும்போது, பின்னங்கால் நேராக நீண்டு பாதம் தரையைத் தள்ளும் அந்தக் கணத்தில் யாரோ பின்னாலிருந்து பந்தால் அடித்தது போல் இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு முறை வந்தால் பல வாரம் போச்சு. இதைத் தள்ளிவைக்க நான் கண்ட வழி காலையில் ஆரம்பிக்கிறது. அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பத்து நிமிடம் குதிகால் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது. கோர்ட்டுக்குள் கொடுக்கும் ஐந்து நிமிட வார்ம்-அப் பந்தோடு கைக்குப் பழக்கம் வருவதற்கு, காலைச் சூடேற்ற அது போதவே போதாது. உள்ளே நுழையும்போதே சட்டையில் வியர்வை தெரிய வேண்டும்.

குதிகால் தசைநாணில், அதாவது அக்கிலிஸில், நாள்பட்ட வலி இருப்பவர்கள் ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறையைத் தங்கள் பிசியோவிடம் கேட்டுப் பாருங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்கால் நேராக 15 தடவை மூன்று செட், மடக்கி 15 தடவை மூன்று செட், காலையும் மாலையும், 12 வாரம். நாளுக்கு 180 தடவை. சலிப்பான வேலைதான், ஆனால் சீசனுக்கு முந்தைய மூன்று மாதத்தை இதற்கு ஒதுக்கிய நண்பர்கள் அடுத்த வருடம் டிராவில் இருந்தார்கள். ஒதுக்காதவர்கள் பார்வையாளர் பெஞ்சில் இருந்தார்கள்.

ராக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஸ்ட்ரிங்கைப் பற்றிச் சொல்வேன். டிவியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் போடுகிறார்கள் என்று விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை இறுக்கமாகப் போட்டுக்கொண்டு முழங்கை வலியோடு அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அடிக்கும் வேகமும் நாம் அடிக்கும் வேகமும் வேறு. மெல்லிய இழைகள் பல சேர்ந்த மல்டிஃபிலமென்ட், கட்டுப்படியானால் விலங்குக் குடலிலிருந்து செய்யும் இயற்கை கட் (gut) ஸ்ட்ரிங், அதையும் இரண்டு மூன்று பவுண்டு தளர்த்திப் போடுங்கள், கைக்கு வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரியும். பாலியெஸ்டர் அறுந்துபோகாமலே உயிரை விட்டுவிடும், இழுவிசை போன பிறகும் அதிலேயே ஆடுவதுதான் முழங்கையைக் கெடுக்கிறது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை, இது முக்கியம். நம் வயதில் ரத்த அழுத்த மாத்திரை சாதாரணம். அதில் சிலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பெருக்கி கலந்திருக்கும். சிறுநீர் பெருக்கிகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன, போட்டிக் காலம், மற்ற காலம் என்ற வேறுபாடு இல்லாமல். தடைப் பட்டியலைக்கூட விடுங்கள், வெயிலில் இரண்டு மணி நேரம் ஆடும் உடம்பிலிருந்து இந்த மாத்திரை கூடுதலாக நீரையும் உப்பையும் வெளியேற்றும். சீசன் தொடங்கும் முன் மருத்துவரிடம் போய் நான் போட்டி டென்னிஸ் ஆடுகிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், விதிவிலக்கு அனுமதி வாங்க வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயப் பரிசோதனையும் அதே சமயத்தில் முடித்துவிடலாம்.

இனி கோர்ட்டுக்குள். 55 பிரிவில் இருந்தபோது ஒரு பயிற்சிப் போட்டியில் எழுபதைத் தாண்டிய ஒருவரோடு ஆடினேன். அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவருடைய இரண்டு பாதமும் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி இறங்கும், அவ்வளவுதான், ஆனால் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பின்னங்கோட்டில் நிற்க மாட்டார், ஒரு எட்டு உள்ளே நிற்பார், பந்து ஏறும்போதே தட்டிவிடுவார், ஓட வேண்டிய தூரம் குறைந்துவிடும். பந்தின் அடியை அறுத்து அவர் அடிக்கும் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. மூன்று பந்து ஆழமாக ஸ்லைஸ், நான்காவது அதே கையசைவில் டிராப் ஷாட், நான் மூச்சிரைக்க ஓடிப் போய் எடுத்தால் தலைக்கு மேல் லாப், அதுவும் சூரியன் இருக்கும் பக்கத்தில் நான் நிற்கும்போது மட்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினேனோ, அவர் அதில் பாதிகூட ஓடியிருக்க மாட்டார். மூன்றாம் நாளுக்குக் கால்களை மிச்சம் பிடிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பிறகு ஸ்லைஸையும் லாபையும் சர்வுக்குச் சமமாக வைத்துப் பயிற்சி செய்தேன். இளவயதில் வேகமாக அடித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் மனத்தாங்கலாக இருக்கும், ஆனால் லாபைப் போல ஆளைக் களைக்க வைக்கும் ஷாட் சீனியர் டென்னிஸில் வேறு இல்லை.

நேரத்தையும் ஆளத் தெரிய வேண்டும். புள்ளிகளுக்கு இடையே 25 நொடி, பக்கம் மாறும்போது 90 நொடி, செட் முடிந்தால் 120 நொடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது உட்கார முடியாது. அந்த 25 நொடியை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், நீளமான ராலிக்குப் பிறகு துண்டு வரைக்கும் நடந்து போய்த் திரும்புங்கள், இது தந்திரம் இல்லை, உங்கள் உரிமை. தசைப்பிடிப்பு வந்தால் மூன்று நிமிட மருத்துவ இடைவேளை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடைக்காது. தசைப்பிடிப்புக்குப் பக்கம் மாறும் நேரத்திலும் செட் இடைவேளையிலும் மட்டும்தான் சிகிச்சை, அதுவரை தாங்காது என்றால் இடையில் உள்ள புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். உப்புச்சத்துக் கலந்த தண்ணீரை முந்தைய நாள் மாலையிலிருந்தே குடித்து வருவதுதான் வழி, கோர்ட்டில் பிடித்த பிறகு குடித்துப் பயனில்லை.

பெரும்பாலான சுற்றுகளில் நடுவர் நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள், உங்கள் பக்கத்துக் கோடுகளுக்கு நீங்களே பொறுப்பு. சந்தேகம் வந்தால் பந்து உள்ளே, அதில் பேச்சே இல்லை. அவுட் என்று சொல்லிவிட்டுப் பிறகு உள்ளே என்று உணர்ந்தால் முதல் தடவை அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாம், அது எதிராளி ஜெயித்திருக்க வேண்டிய ஷாட் என்றாலோ இரண்டாவது தடவை என்றாலோ புள்ளி அவருக்கு. மண் கோர்ட்டில் பந்து விழுந்த தடத்தை அழித்தால் எதிராளி சொன்னதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அதனால் பேசி முடியும் வரை காலை அதன் மேல் வைக்காதீர்கள். ஸ்கோரில் தகராறு வந்தாலும் ஒழுங்கான வழி இருக்கிறது. இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் நிற்கும். 40-30 என்று நீங்களும் 30-40 என்று அவரும் சொல்லி, சண்டை முதல் புள்ளியைப் பற்றி மட்டும் என்றால் 30-30 இலிருந்து தொடரலாம். ஒவ்வொரு முதல் சர்வுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் இந்த நிலையே வராது. குரல் உயர்ந்தால் போட்டி முழுவதையும் மேற்பார்க்கும் ரெஃப்ரியைக் கூப்பிடுங்கள், அவர் இருப்பதே அதற்குத்தான். இந்த வட்டத்தில் அடுத்த பத்துப் பதினைந்து வருடம் நீங்கள் பார்க்கப்போவது இதே முகங்களைத்தான். கோட்டைச் சரியாகச் சொல்பவர் என்ற பெயர் எனக்குக் கோப்பையை விடப் பெரிது, இதை மனதார எழுதுகிறேன்.

இரட்டையரைப் பற்றிச் சுருக்கமாக. ஒற்றையரில் தூரம் போக நினைக்கும் வாரத்தில் இரட்டையருக்குப் பெயர் கொடுக்காதீர்கள், இரட்டையருக்காகப் போகும் வாரத்தில் ஒற்றையரை முதல் சுற்றோடு முடிந்தால் பரவாயில்லை என்ற மனநிலையோடு ஆடாதீர்கள், பெயரையே கொடுக்காதீர்கள். கலப்பு இரட்டையரும் சேர்த்து மூன்றிலும் இறங்குபவர்கள் நாலாம் நாள் மூன்றிலிருந்தும் விலகுவதைப் பார்க்கிறேன், ஜோடியாக வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஜோடி சேரும்போதே உடம்பு வலித்தால் எதை விடுவது என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் தோற்றால் கிளம்பிவிடாதீர்கள். பல போட்டிகளில் தோற்றவர்களுக்கென்று தனியாகக் கன்சலேஷன் டிரா இருக்கும், மூத்த பிரிவுகளில் ஆட்கள் குறைவென்றால் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் ரவுண்டு ராபின் வைப்பார்கள். அங்கே ஆடுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான இடம் வேறில்லை.

சீசன் முடிந்ததும் நான் நாலு வாரம் ராக்கெட்டைத் தொடுவதில்லை. முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரத்திலிருந்து எடைப் பயிற்சி, குறிப்பாகத் தொடை, பிட்டம், தோளின் பின்பக்கம், சர்வின் முடிவில் கையை நிறுத்திப் பிடிக்கும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்த நாலு வாரத்துக்குள் பிசியோவிடம் ஒரு முறை முழுதாகக் காட்டிவிடுவேன், வலி இல்லாவிட்டாலும். பிறகு அடுத்த வருட அட்டவணை வந்ததும் அந்த இரண்டு முக்கியப் போட்டிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்று நாள் தொடர் ஆட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்று நண்பர்களைக் கேட்க ஆரம்பிப்பேன். வருகிற வருடம் எனக்குப் பிரிவு மாறுகிறது, அதனால் இந்த முறை கொஞ்சம் முன்னதாகவே கேட்டுவிட்டேன்.